மூடியில் சந்தனம்

வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. மேட்டின் மேலேயே எஞ்சின் அணைந்துவிட்டது. இறக்கத்தில் தானாக உருண்டு வந்து, பள்ளத்தில் இருந்த பவுனம்மாளின் கடைக்கு நேராக அதன் ஓட்டம் தீர்ந்தது.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டிக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அந்தக் கடை ஒன்றுதான். இரண்டு பக்கமும் மேடு. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். கடையில் சுருட்டு, வாழைப்பழம், மண்ணெண்ணெய், டின்னில் பெட்ரோல்.

அவள் முதலில் வண்டியைத்தான் அடையாளம் கண்டாள். இடது மட்கார்டில் பள்ளம் விழுந்து தட்டி நிமிர்த்திய தடம் இருந்தது. பிறகு ஆளைப் பார்த்தாள். தம்புசாமி. பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். நான்கு வருடமாக இந்தக் கடையைக் கடக்கும்போது ஹார்னை அழுத்திக்கொண்டே வேகமாகப் போவான். திரும்பிப் பார்க்க மாட்டான்.

இன்று அவனால் போக முடியவில்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. வண்டியின் முகப்பில் செவ்வந்தி மாலை தொங்கியது. விளக்குகளில், ஹார்னில், ஹாண்டிலில், கதவுப் பிடிகளில், எங்கெல்லாம் வட்டமாக ஏதாவது இருந்ததோ அங்கெல்லாம் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

கடை வாசலில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் கன்னையா. ரோட்டு வேலைக்காரர்களை வேலை வாங்கும் மண்டோர். அவருடைய ஆட்கள் அடுத்த மேட்டில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் சுருட்டு வாங்க வந்தவர்.

“பவுனு, யாரு வந்து நிக்கிறான் பாரு,” என்றார்.

“பாத்தேன்.”

தம்புசாமி இறங்கினான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பின் சீட்டில் ஒரு தகரப் பெட்டி. அவன் அவளைப் பார்க்காமல் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். எஞ்சின் இருமியது. பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினான். பானெட்டைத் திறந்து ஒரு பிளக்கைக் கழற்றி, பாடியில் வைத்துச் சுற்றிப் பார்த்தான். பொறி வந்தது.

“நெருப்பு இருக்கு,” என்றார் கன்னையா. “அப்ப எண்ணெ வரல. பெட்ரோலப் பாரு.”

அந்த வண்டியில் பெட்ரோல் தொட்டி முன்கண்ணாடிக்கு அடியில், எஞ்சினுக்கு மேலே இருந்தது. பம்பு கிடையாது. பெட்ரோல் தன் பாரத்திலேயே குழாய் வழியாகக் கீழே இறங்கும். தொட்டியின் மூடி வெளியே, முன்கண்ணாடிக்கு முன்னால், நெற்றிக்கு நடுவில் பொட்டு இருப்பது போல இருந்தது. அதற்கும் சந்தனம் வைத்திருந்தான். மற்றவற்றுக்கு வைத்ததைவிடப் பெரிதாக.

தம்புசாமி மூடியைத் திருகினான். புதிதாகக் கார்க்கு வளையம் போட்டிருந்தான் போல. இறுக்கமாக வந்தது. கழன்ற அந்த நொடியில் உஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று உள்ளே பாய்ந்தது.

அவன் அதைக் கவனிக்கவில்லை. குச்சியைத் தொட்டிக்குள் விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பவுனம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் புருஷன் நாகையா ஃபிட்டர். இதே கடையின் பின்பக்கம்தான் அவன் வேலைக்கொட்டகை. கார்புரேட்டரின் சின்னத் துளைகளைச் சுத்தம் செய்ய அவன் விரல்கள் தடிமன். அவள்தான் செய்வாள். ஒரு தோட்டத்து ஆபீஸ் கிராணியின் வண்டி இப்படித்தான் ஓடி ஓடி நின்றது. மூன்று ஃபிட்டர்கள் குழாயைக் கழற்றி மாட்டினார்கள். நாகையா மூடியைத் திறந்தான், அந்த உஸ் சத்தத்தைக் கேட்டான், மூடியைத் திருப்பிப் பார்த்தான். மூடியின் நடுவே ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. அதில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. அவ்வளவுதான் என்றான்.

இந்த மூடியில் குளவி இல்லை. சந்தனம். ஒரு ராத்திரியில் காய்ந்து சுண்ணாம்பு போல ஆகியிருந்தது.

“கால் தொட்டிதான் கெடக்கு,” என்றான் தம்புசாமி, யாரிடமோ சொல்வது போல. “ஒரு டின் குடு.”

அவள் எழுந்தாள்.

“அடியில கெடக்குறது கசடு. அதான் இழுக்கல,” என்றாள். “ஒரு டின் பத்தாது. முட்ட ரொப்பிக்க.”

நான்கு வருடத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. டின்னைத் திறந்து, புனலில் தோலை விரித்து, வடிகட்டி ஊற்றினாள். விளிம்பு வரை ஊற்றினாள்.

கால் தொட்டி என்றால் உள்ளே காற்று நிறைய. அது கொஞ்ச தூரம் தாங்கும். அதனால்தான் வண்டி பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது. முட்ட நிரப்பினால் காற்றுக்கு இடம் இல்லை. வண்டிக்கு உடனே மூச்சு முட்டும்.

அவன் மூடியை இறுக்கித் திருகினான். ஹாண்டிலைச் சுற்றினான். ஒரே சுற்றில் பிடித்தது.

“பெட்ரோல்தான்,” என்று சிரித்தான். “தங்கச்சி சொன்னது சரி.”

அவள் புனலைத் துடைத்தாள். தங்கச்சி என்று அவன் முன்பும் கூப்பிடுவான். இந்தக் கடையில் உட்கார்ந்து அவள் கையால் சாப்பிட்ட காலத்தில்.

வண்டி எதிர் மேட்டில் ஏறியது. பாதி மேடு. சத்தம் மெலிந்தது. ஒரு உலுக்கல். பிறகு பின்னோக்கி உருண்டு மெதுவாக இறங்கி, மறுபடி கடைக்கு முன்னால் வந்து நின்றது.

கன்னையா சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

“என்னடா, எதையாச்சும் மறந்துட்டியா?”

*

தம்புசாமி சட்டையைக் கழற்றிக் கதவில் தொங்கவிட்டான்.

“ஸ்பேனர் இருக்கா?”

அவள் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். நாகையாவுடையது. பிடியில் துணி சுற்றியிருந்தான் அவன். அந்தத் துணி இன்னும் இருந்தது. தம்புசாமிக்கு அது தெரிந்த ஸ்பேனர். வாங்கும்போது கை ஒரு கணம் நின்றது. பிறகு வாங்கிக்கொண்டான்.

“எங்கடா இவ்ளோ அவசரம், புது வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டு?” என்றார் கன்னையா.

“துறைமுகத்துக்கு. எம்மவ ஊருக்குப் போறாண்ணே. ரெண்டு மணிக்குக் கப்பலு. புருஷன் வீட்டுக்காரங்க அவளக் கூட்டிக்கிட்டு நேத்தே ரயிலேறிக் கிள்ளான் போயிட்டாங்க. நான் நேரா கப்பலடிக்கு வரேன்னு சொன்னேன்.”

“எப்பத் திரும்பும்?”

“எங்க திரும்புறது. மாமனாரு நாகப்பட்டினத்துல கடை வச்சிருக்காரு. இனி அங்கதான்.” அவன் தகரப் பெட்டியைக் காட்டினான். “அவ அம்மா சாமானு. செத்தவ வச்சுட்டுப் போனது. குடுக்கணும்.”

பவுனம்மாளுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். தனலெட்சுமி. சின்ன வயதில் இந்தக் கடைக்கு அப்பனோடு வருவாள். பவுனம்மாள் அவளுக்குத் தலை பின்னி விட்டிருக்கிறாள். இப்போது அவள் கப்பலடியில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பவுனம்மாள் அதை நினைத்தாள். நினைத்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

நாகையாவைப் பார்க்க அவள் புடு சிறைக்குப் போன கடைசித் தடவை, வார்டர் வாசலிலேயே நிறுத்தினான். பேதியில் போய்விட்டான், நேற்றே புதைத்தாகிவிட்டது என்றான்.

தம்புசாமி கார்புரேட்டர் பக்கத்தில் குழாயைக் கழற்றினான். பெட்ரோல் நாலு சொட்டு விழுந்தது. நின்றது.

“பாத்தீங்களா! தொட்டி நிறைய கெடக்கு, கீழ வரல. குழாய்ல அழுக்கு.”

குழாயில் வாயை வைத்து ஊதினான். கன்னம் உப்ப ஊதினான். தொட்டிக்குள் களகளவென்று குமிழி போகும் சத்தம் கேட்டது. வாயை எடுத்தான். பெட்ரோல் கம்பியாகக் கொட்டியது. முகத்தில் தெறித்தது. துப்பினான். சிரித்தான்.

“போயிடுச்சு. அழுக்கு போயிடுச்சு!”

போனது அழுக்கு இல்லை. அவன் ஊதிய காற்று தொட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்குத் தகுந்த பெட்ரோல் கீழே வந்தது. அந்தக் காற்று தீர்ந்தால் அதுவும் நிற்கும். பவுனம்மாள் வாழைத்தாரில் அழுகிய பழங்களைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது கிள்ளான் பஸ் வந்தது. ஏழு பேர் உட்காரும் சின்ன பஸ். இடம் இருந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கையால் கதவைத் தட்டினான்.

“கிள்ளான்! கிள்ளான்! அண்ணே, வரீங்களா?”

தம்புசாமி நிமிர்ந்து, பெட்ரோல் வழியும் கையை ஆட்டினான்.

“போ, போ! வண்டி சரியாயிடுச்சு. உனக்கு முன்ன நான் போயிடுவேன் லா!”

பஸ் போயிற்று. பவுனம்மாள் அது மேடேறி மறையும் வரை பார்த்தாள். அடுத்தது வெயில் சாய்ந்த பிறகுதான்.

அவன் குழாயை மாட்டினான். கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்கியிருந்த கசடைக் கொட்டித் துடைத்தான். கையைக் கழுவினான், சட்டையைப் போட்டான், மாலையைச் சரி செய்தான். எஞ்சின் பிடித்தது. மேடேறியது. இந்தத் தடவை முன்னைவிடக் கொஞ்சம் மேலே போனது. பிறகு பின்னோக்கி வந்தது.

கன்னையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மாமியா வூட்டுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போற மாப்பிள்ள மாதிரி இருக்குடா. போறான், போறான், திரும்பிப் பாக்குறான், வந்துடறான்.”

தம்புசாமி சிரிக்கவில்லை. இறங்கி நேராகக் கடைக்கு வந்தான்.

“என்ன ஊத்துன?”

“பெட்ரோல்.”

“தண்ணி கலந்து ஊத்தியிருக்க. வர்ற வரைக்கும் நல்லா ஓடுன வண்டி.”

“ஓடுன வண்டி எதுக்கு இங்க நின்னுச்சு?”

“ஏய், வேணும்னே பண்ணியிருக்க நீ. மனசுல வச்சுக்கிட்டுப் பண்ணியிருக்க. ஊர்ல இருக்கிற டிரைவருங்ககிட்ட எல்லாம் சொல்றேன், இந்தக் கடையில ஒருத்தன் கால் வைக்கமாட்டான்.”

அவள் அதே டின்னின் அடியில் மீதி இருந்ததைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வெயிலில் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தெரியும். தெரியவில்லை. அதைத் தன் உள்ளங்கையில் ஊற்றி நீட்டினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை காய்ந்தது.

“தண்ணி எங்க?” என்றாள்.

அவன் கையைப் பார்த்தான். கன்னையாவும் பார்த்தார்.

“ஏற்கெனவே என் புருஷன் மேல ஒண்ணு சொன்ன,” என்றாள். “இப்ப என் மேல சொல்ற. உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?”

*

நடந்தது இது.

நாகையாவுக்கு ஒரு பழக்கம். பழுது பார்த்த வண்டியை அவனே முதலில் ஓட்டிப் பார்ப்பான். சாலையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் சத்தத்தில் சந்தேகம் இருந்தால் ஓட்ட மாட்டான். சொந்தக்காரனை ஓட்டச் சொல்லிவிட்டு, பானெட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து, வெளியே படியில் நின்று, எஞ்சினுக்குக் காது கொடுத்துக்கொண்டே போவான். அன்று அப்படித்தான் போனான். தம்புசாமி ஓட்டினான். வளைவில் கல் சுமந்து வந்த பாலனை வண்டி அடித்தது. ரோட்டு வேலைக்காரன். கன்னையாவின் ஆள்.

நாகையா குதித்து இறங்கிப் பையனைத் தூக்கி மடியில் வைத்தான். உதவிக்கு ஆள் கொண்டுவருகிறேன் என்று தம்புசாமி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போலீஸைக் கொண்டுவந்தான். அதற்குள் மற்ற ஆட்கள் ஓடி வந்திருந்தார்கள். அவர்கள் பார்த்தது மடியில் பிணத்தோடு உட்கார்ந்திருந்த நாகையாவை. பாலனின் தாய் இராஜம்மாவும் அதே கூட்டத்தில் கல் சுமப்பவள். அவள் கையில் இருந்த கூடையாலேயே நாகையாவை அடித்தாள். அவன் தடுக்கவில்லை.

பழுது பார்த்தவன்தான் முதலில் ஓட்டுவான், வழக்கம் அதுதான் என்று தம்புசாமி கிள்ளான் கோர்ட்டில் சொன்னான். அது உண்மை. அதனால், ஓட்டியது நாகையா என்ற மீதியையும் நம்பி அவனைப் புடு சிறைக்கு அனுப்பினார்கள்.

இராஜம்மா இன்றும் இந்தக் கடைக்கு எதிர் ஓரமாகக்கூட நடக்க மாட்டாள். பள்ளத்துக்கு முன்பே இறங்கி ரப்பர் மரங்களுக்குள் புகுந்து சுற்றிப் போவாள். அப்படிச் சுற்றிப் போகும்போதும் துப்புவாள். அந்தச் சத்தம் கடை வரை கேட்கும்.

*

ஒரு லோரி வந்தது. ரப்பர் ஷீட் கட்டுகள் மேலே வரை அடுக்கியிருந்தது. தம்புசாமி சாலை நடுவில் ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கினான். லோரி ஒதுங்கி, ஹார்ன் அடித்து, செம்மண் தூசியைக் கிளப்பிப் போனது. அவன் வேட்டி சிவப்பாயிற்று.

திரும்பி வந்தான். பானெட்டைத் திறந்தான். எதையும் தொடவில்லை. சும்மா பார்த்தான். குழாய், கிண்ணம், கார்புரேட்டர். மூடியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். சந்தனம் அவன் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

“எனக்குத் தெரியும்,” என்றாள் பவுனம்மாள்.

“என்ன தெரியும்?”

“உன் வண்டிக்கு என்ன கேடுன்னு.”

அவன் அவளையே பார்த்தான்.

“எப்பலேர்ந்து?”

“நீ வந்து நின்னதுலேர்ந்து.”

கன்னையாவின் சிரிப்பு நின்றது. தம்புசாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் ஒரு அடி முன்னால் வந்தான். கன்னையா பெட்டியிலிருந்து எழுந்தார். தம்புசாமி நின்றான்.

“சொல்லு.”

“சொல்றேன். ஊசியால குத்துற வேலை. ஒரு நிமிஷம் ஆகாது. நீ ரெண்டு மணிக்கு முன்ன போயிடலாம்.”

“அப்பச் சொல்லேன், தங்கச்சி!”

“அன்னிக்கு வண்டிய யாரு ஓட்டுனது?”

மேட்டுப் பக்கமிருந்து கல் கொட்டும் சத்தம் வந்தது. தம்புசாமி கன்னையாவைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அது முடிஞ்சு போன கதை. கோர்ட்டுல எழுதி முடிச்சாச்சு. செத்தவனும் வரமாட்டான். உன் புருஷனும் வரமாட்டான்.”

“ஆமா. வரமாட்டான்.”

“பின்ன எதுக்கு?”

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாக்கை எடுத்து வெட்டத் தொடங்கினாள். அவளுக்கு அவசரம் இல்லை.

அவன் சாலையைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான். பின் சீட்டுப் பெட்டியைப் பார்த்தான். அவள் அருகில் வந்து குனிந்தான். வாயில் பெட்ரோல் வாடை.

“சரி. நான்தான். போதுமா? நான்தான் ஓட்டுனேன். எனக்கு அப்பப் பொண்டாட்டி படுத்த படுக்கையா கெடந்தா. பொட்டப்புள்ள வீட்டுல. நான் உள்ள போயிருந்தா அது தெருவுக்கு வந்திருக்கும். உங்களுக்குப் புள்ள குட்டி இல்ல. அதான்.”

பாக்குவெட்டி நின்றது.

“அதான்,” என்றாள் அவள்.

“ஆமா. இப்பச் சொல்லு.”

“என்கிட்ட சொல்லி என்ன பண்றது? எனக்கு முந்தியே தெரியும். என்கிட்ட அவரு சொல்லிட்டாரு. இராஜம்மாகிட்ட சொல்லு.”

“அவகிட்டயா?”

“அவ முன்னாடி. வாய் விட்டு.”

கன்னையா இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டே நின்றார். சுருட்டு அணைந்திருந்தது. அதைத் தரையில் போட்டார்.

“பாலன் என் கையில வேலை பழகுன பையன்,” என்றார். தம்புசாமியிடம் இல்லை. பவுனம்மாளிடமும் இல்லை. மேட்டை நோக்கி நடந்தார்.

“அண்ணே! மண்டோரண்ணே! அவங்கள எல்லாம் கூப்பிட வேணாம்! இராஜம்மா மட்டும் போதும்!” என்று தம்புசாமி கத்தினான்.

கன்னையா திரும்பவில்லை.

*

இராஜம்மா சாலை வழியாகவே வந்தாள். தலையில் சும்மாடு. கையில் காலிக் கூடை. அவளுக்குப் பின்னால் ஆட்கள், ஏழெட்டுப் பேர், மண்வெட்டியைத் தோளில் போட்டபடி. வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார்கள்.

கடைக்கு நேரே வந்து நின்றாள். பவுனம்மாளைப் பார்க்கவில்லை. வண்டியின் மட்கார்டைப் பார்த்தாள்.

“என்னமோ சொல்லணுமாம்ல,” என்றாள்.

தம்புசாமி கைகூப்பினான். கை பெட்ரோலும் கிரீசுமாக இருந்தது.

“ஆத்தா. அன்னிக்கு ஓட்டுனது நான். நாகையா இல்ல.”

“அவன் எங்க இருந்தான்?”

“வெளிய. படியில நின்னு எஞ்சின் சத்தம் கேட்டுக்கிட்டு வந்தான்.”

“எறங்குனது யாரு?”

“அவன்.”

“நீ?”

தம்புசாமி கூப்பிய கையை இறக்கினான்.

“நீ எறங்குனியான்னு கேட்டேன்.”

“இல்ல ஆத்தா.”

“எம்மவனுக்கு உசுரு இருந்துச்சா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“முனகுற சத்தம் கேட்டுச்சு,” என்றான்.

ஆட்களில் ஒருவன் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றினான். இராஜம்மா கூடையின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று பவுனம்மாள் நினைத்திருந்தாள். அடிப்பாள் என்று நினைத்திருந்தாள். நான்கு வருடம் இந்த நேரத்தைப் பல விதமாக நினைத்திருந்தாள். இப்படி நினைக்கவில்லை.

“இப்பச் சொல்லு, தங்கச்சி,” என்றான் தம்புசாமி. அவன் குரல் உடைந்திருந்தது. “நேரமாச்சு. வாக்கு குடுத்த.”

பவுனம்மாள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். வண்டிக்கு முன்னால் போய், மூடியின் மேல் இருந்த குங்குமத்தில் குத்தினாள். உள்ளே அழுத்தித் திருகினாள். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊசியை எடுத்ததும் மூடி மெல்லிசாக, நீளமாகக் காற்றை உறிஞ்சியது. எல்லாருக்கும் கேட்டது.

“இவ்வளவுதானா?” என்றான்.

“இவ்வளவுதான். சாமிக்கு வச்சது. நீயே அடைச்சுக்கிட்ட.”

அவன் மூடியைத் தொட்டுப் பார்த்தான். விரலில் சந்தனப்பொடி ஒட்டியது. பிறகு ஓடிப் போய் ஹாண்டிலைச் சுற்றினான். கொஞ்ச நேரம் எடுத்தது. கிண்ணம் நிரம்ப வேண்டும். பிறகு பிடித்தது. சீரான சத்தம். எங்கும் இடறவில்லை. நாகையா கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பான்.

தம்புசாமி ஏறி உட்கார்ந்தான். இன்னும் நேரம் இருந்தது. வேகமாகப் போனால் பிடித்துவிடலாம். கியரைப் போட்டான்.

இராஜம்மா கூடையைச் சாலையில் கவிழ்த்து வைத்தாள். வண்டியின் முகப்புக்கு ஒரு முழம் முன்னால். அதன் மேல் உட்கார்ந்தாள். செவ்வந்தி மாலை அவள் முகத்துக்கு எதிரே தொங்கியது.

“ஆத்தா, எந்திரிங்க,” என்றான்.

அவள் எழவில்லை.

அவன் ஹார்னை அடித்தான். அவள் கண் இமைக்கவில்லை. அவன் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தான். ஆட்கள் பின்னால் வந்து நின்றிருந்தார்கள். கன்னையா நடுவில் நின்றார். யாரும் வண்டியைத் தொடவில்லை. சும்மா நின்றார்கள். வலது பக்கம் வாய்க்கால். இடது பக்கம் கடையின் பெட்ரோல் டின்கள்.

“மண்டோரண்ணே, சொல்லுங்கண்ணே. எம்மவ நிக்கிறா. ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் போலீசுக்குன்னா போலீசுக்கு வரேன். எங்க கூப்பிட்டாலும் வரேன்.”

“அது அவ இஷ்டம்,” என்றார் கன்னையா.

“ஆத்தா, பொட்டப்புள்ள ஆத்தா. கப்பல் போயிட்டா இனி பாக்க முடியாது.”

இராஜம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் எம்மவன உசுரோட எங்க பாத்தேன்,” என்றாள்.

அவன் இறங்கி வந்தான். அவள் காலைத் தொடப் போனான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அவன் எழுந்து பவுனம்மாளிடம் வந்தான்.

“நீ சொன்னா கேப்பா. நீ சொல்லு. வாக்கு குடுத்தியே!”

“வண்டிய ஓட வைக்கிறேன்னு சொன்னேன். ஓடுது.”

“அடிப்பாவி.”

“ஆமா,” என்றாள்.

அவள் சொல்லியிருந்தால் இராஜம்மா எழுந்திருப்பாளோ என்னவோ. நான்கு வருடத்தில் முதல் தடவையாக இராஜம்மாவும் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. எழட்டுமா, இருக்கட்டுமா. பவுனம்மாள் அந்தப் பெண்ணை நினைத்தாள். கப்பலடி, வெயில், கையில் பிடித்த முந்தானை. தலை பின்னும்போது வலிக்குது அத்தை என்பாள். புடு சிறையின் வாசலையும் நினைத்தாள். இரண்டில் ஒன்று பெரிதாக இருந்தது. அவள் கண்ணை எடுத்து, ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகினாள். வாழைத்தாரின் பக்கம் திரும்பினாள்.

இராஜம்மா சும்மாட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வசதியாக உட்கார்ந்தாள்.

நிழல்கள் வண்டிக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வரத் தொடங்கின. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டியில் பெட்ரோல் நிறைய இருந்தது. சீராக இறங்கியது. தம்புசாமி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஹார்ன் அடிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான். பின் சீட்டுப் பெட்டி எஞ்சினின் அதிர்வில் கிடுகிடுத்தது.

இரண்டு மணி தாண்டி வெகுநேரம் கழித்து எஞ்சின் சத்தம் நின்றது.

பவுனம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவன் கை சாவியின் மேல் இருந்தது.